உப்பளத்தில் கத்திரி நாற்று

வாலிநோக்கம் உப்பளத்தில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலத்தில், அளத்தின் மேற்குக் கரையில் மூன்று வீடுகளை ஒட்டிக் கட்டிய ஒரு வரிசை இருந்தது. முதல் வீடு காலிச் சாக்குகள் போட்டுவைக்கும் கிடங்கு. நடு வீட்டில் கங்காணியும் அவர் மனைவியும் இருந்தார்கள். கடைசி வீடு எனக்கு. பின்னால் சற்றுத் தள்ளி, அளத்தில் வேலை செய்கிறவர்களின் ஓலைக் குடிசைகள். உப்பு வரி போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. புதிதாகப் பாத்திகள் வெட்டிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு வருஷமும் வெள்ளை நிலம் என் வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

என் வீட்டுக்குப் பின்னால் நல்ல அகலமான முற்றம் உண்டு. அதில் உமரிச் செடியைத் தவிர வேறெதுவும் முளைத்து நான் பார்த்ததில்லை. காலையில் மண்ணின் மேல் உப்புப் பூத்திருக்கும். மத்தியானத்துக்குள் காய்ந்து செருப்புக்கடியில் நொறுங்கும். ஆனியிலிருந்து கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து மணலை வாரிக்கொண்டு வந்து வீட்டின் ஒவ்வொரு இடுக்கிலும் போட்டுவிட்டுப் போகும். அந்த வருஷத்து என் நாட்குறிப்பில் பாதிக்கு மேல் காற்றைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். எழுத வேறு விஷயமும் இல்லை.

என் மனைவி உள்நாட்டுக்காரி. முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். மிளகாயும் பருத்தியும் போடும் குடும்பம். எங்களுக்குக் கல்யாணமானபோது எனக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அந்தக் கடைசி வீட்டில் அவள் இரண்டு மழைக்காலம் இருந்தாள். இரண்டு முறை கரு தங்கியது. இரண்டு முறையும் வயிறு தெரியத் தொடங்கும்போது கலைந்துபோனது. இரண்டாவது முறைக்குப் பிறகு அவள் தம்பி வண்டி கட்டிக்கொண்டு வந்து அழைத்துப் போனான். உடம்பு தேறியதும் அனுப்பிவைக்கிறோம் என்று சொன்னார்கள். உடம்பு தேறிவிட்டது என்று போகிற வருகிற ஆட்கள் சொல்லிக் கேட்டேன். அவள் வரவில்லை.

ஆடியில் நான் போனேன். மிளகாய்க்கு உழுது போட்டிருந்த புஞ்சையில், வரப்போரம் விறகுக்குக் காய்ந்த பருத்திமார் கட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் சதை பிடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எப்ப வந்தீக? சாப்பிட்டீகளா?" என்றாள். எல்லாம் சாப்பிட்டாயிற்று என்றேன். கொஞ்ச நேரம் நானும் குச்சிகளை எடுத்துக் கொடுத்தேன்.

"எப்ப வாறே?" என்று கேட்டேன்.

"அங்கன என்ன இருக்குன்னு வர?"

"நான் இருக்கேன்ல."

சிரித்தாள். "ஒங்கள இங்கனயே பாத்துக்கிட்டு இருக்கேனே."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள். முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு கத்திரிச் செடி நிக்காது அந்த மண்ணுல. பிள்ள எப்படி நிக்கும்?"

இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. குறையாகவும் சொல்லவில்லை. பருத்திக்கு இந்த மண் ஆகும், அந்த மண் ஆகாது என்று அவள் வீட்டில் பேசிக்கொள்வார்களே, அதே குரலில்தான் சொன்னாள்.

"கத்திரி நின்னா?" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நிக்கட்டும். வாரேன்."

சாயங்காலம் நான் புறப்படும்போது, சாம்பல் கலந்து துணியில் முடிந்த கத்திரி விதையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். நான் கேட்கவில்லை. அவளாகத்தான் கொடுத்தாள். பஸ்ஸில் வரும்போது அந்த முடிச்சைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டே வந்தேன்.

எதையும் முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். எங்கள் பக்கம் மழை ஐப்பசியில். மழை விழுந்த பிறகு விதை போட்டால், முளைத்து நாற்றாகி நடுவதற்குள் கார்த்திகை பாதி போய்விடும். முதல் மழை முற்றத்து உப்பைக் கரைத்துக் கீழே இறக்கும். அந்த உப்பு மறுபடி மேலே ஏறுவதற்குள் செடி வேர்விட்டு, தண்டு கனத்து நின்றுவிட வேண்டும். பிஞ்சு நாற்று உப்பைத் தாங்காது. வேர் பிடித்த செடி ஓரளவு தாங்கும். ஆகவே மழைக்கு முன்பே விதையைப் போட்டு, மழை வருகிற நேரம் நாற்றுத் தயாராக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆவணிக் கடைசியில் போட்டால் சரியாக இருக்கும் என்று முடிவு செய்தேன்.

ஆவணியில் வெளியே நாற்றுப் பாத்தி போட வழியில்லை. கச்சான் இன்னும் அடங்கவில்லை. மணல் அறைந்து முளையை அறுத்துவிடும். எனவே வீட்டுக்குள் போடுவது என்று ஆயிற்று. உடைந்த பானைகளின் அடிப்பாகங்களைக் குடிசைகளின் பின்புறத்திலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றிலும் அடியில் துளையிட்டேன். குடிதண்ணீர் வண்டிக்காரரிடம் சொல்லி, அவர் வருகிற வழியிலிருக்கும் கண்மாயிலிருந்து வண்டல் கொண்டுவரச் செய்தேன். ஆட்டுப் புழுக்கையும் மாட்டுச் சாணமும் காய்ந்ததாக வாங்கிப் பொடித்துச் சலித்தேன். விதையை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, மிதந்ததை நீக்கி, ஈரத் துணியில் கட்டி, சாம்பல் தூவிய மண்ணில் விரல் நுனி ஆழத்தில் போட்டேன். அன்று செவ்வாய்க்கிழமை. வாரத்தில் அன்றைக்கு மட்டும்தான் எனக்கு மத்தியானம் ஓய்வு. அதனால் செவ்வாய், வேறு காரணம் இல்லை.

சட்டிகளை உள்ளறையில் வரிசையாக வைத்து, மேலே நனைத்த சாக்கைப் போர்த்தினேன். எலிக்கும் காற்றுக்கும் பயந்து கதவைச் சாத்தி வைத்தேன்.

தண்ணீர்தான் பெரிய கஷ்டம். எங்களுக்கு நல்ல தண்ணீர் வண்டியில் வரும். ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால் மணல் மேட்டுக்கு அப்பால் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். பெண்கள் விடியுமுன்னே போய்க் காத்திருப்பார்கள். நான் வேலைக்குப் போகிறவன், காத்திருக்க முடியாது. ஆகவே என் பங்கிலிருந்து மிச்சம் பிடித்தேன். முகம் மழிப்பதை நிறுத்தினேன். மீன் வாங்குவதை நிறுத்தினேன். மீனை அலசத் தண்ணீர் நிறையப் போகும். சோற்றை வடித்து, கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தேன். தொட்டுக்கொள்ள எலுமிச்சங்காய் ஊறுகாய்.

அளத்திலிருந்து திரும்பும்போது கையிலும் காலிலும் உப்பு ஒட்டியிருக்கும். அது சட்டியில் விழுந்தால் முளை போய்விடும். எனவே செருப்பை வாசலுக்கு வெளியே தூரத்தில் விட்டேன். கால் கை கழுவி, வேட்டியை மாற்றிக்கொண்டுதான் உள்ளறைக்குள் போவேன். விடியற்காலையில் இரண்டு சொம்புத் தண்ணீரில் குளித்த ஈரத்தோடு, பித்தளைச் சொம்பில் தண்ணீர் எடுத்து, விரல்களுக்கிடையே சொட்டச் சொட்டத் தெளிப்பேன். முளை வந்ததும் சாக்கை எடுத்தேன். ஒரு சட்டியில் ஈரம் அதிகமாகிவிட்டது. முளைகளெல்லாம் கழுத்தில் கறுத்து ஒரே இரவில் படுத்துவிட்டன. மற்றச் சட்டிகளுக்கு உடனே சாம்பல் தூவி, தண்ணீரைக் குறைத்தேன். அவை பிழைத்தன.

இந்தச் சமயத்தில்தான் என்னிடம் யாரும் பேசுவதில்லை என்பதைக் கவனித்தேன்.

கங்காணி என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சாயங்காலமானால் கயிற்றுக்கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் போட்டு உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவது அவருடைய நித்திய வழக்கம். அதை நிறுத்திவிட்டார். கட்டில் அவர் வீட்டுக்கு அந்தப் பக்கம், கிடங்கு வாசலுக்குப் போய்விட்டது. அவர் மனைவி வாரத்தில் இரண்டு மூன்று நாள் மீன் குழம்பைச் சுவருக்கு மேலாகக் கொடுப்பாள். அதுவும் நின்றது. மீன்காரி கூடையோடு எங்கள் வரிசையை நெருங்கும்போது சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனாள். குடிசைப் பிள்ளைகள் என் வீட்டைத் தாண்டும்போது சத்தத்தை அடக்கிக்கொண்டன.

அளத்தில் எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். முன்பைவிடக் கூடுதலாகவே. அதுதான் எனக்கு உறைத்தது. மூடை நிறுக்கும் இடத்தில் பெண்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருப்பார்கள். நான் போனதும் பேச்சு நின்றுவிடும். என் மனைவி இனி வரமாட்டாள் என்று எப்படியோ செய்தி வந்துவிட்டது, எல்லோருக்கும் தெரிந்து எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

புரட்டாசி முழுவதும் அப்படியே போயிற்று. சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் நாற்றுகள்தான். மூன்றாவது இலை விட்டது, நாலாவது இலை விட்டது என்று அவற்றுக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரலைக் கேட்டே எனக்குக் கூச்சமாக இருந்தது. வெயிலுக்குப் பழக வேண்டுமென்று காலையில் சட்டிகளைத் தூக்கி, கிழக்குச் சுவரின் ஓரம், ஓலைத் தட்டி மறைவில் வைப்பேன். வேலைக்குப் போகுமுன் திரும்ப உள்ளே கொண்டுபோவேன். நேரமாகிவிட்டால் ஓடிவந்து எடுப்பேன்.

ஒன்று மட்டும் புரியாமல் நடந்துகொண்டிருந்தது. விடிகாலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருக்கும். ஊற்றுத் தண்ணீர், வாயில் விட்டுப் பார்த்தால் தெரியும். வண்டிக்காரரைக் கேட்டேன்.

"நானா?" என்றார் அவர். "எம் பொஞ்சாதிக்கே நான் அளந்துதான் ஊத்துறேன். கனாக் கினாக் கண்டீகளா கணக்கப்புள்ளே?"

கங்காணியின் மனைவியாக இருக்கும் என்று நினைத்து, அவள் குப்பை கொட்ட வந்தபோது, "தண்ணி நீ வச்சதா ஆத்தா?" என்று கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டாள். அவமானப்படுத்திவிட்டேனோ என்று அன்று முழுவதும் யோசித்தேன். மறுநாளும் குடம் இருந்தது. அந்தத் தண்ணீர் இல்லாமல் நாற்றுகள் அந்த உயரத்துக்கு வந்திருக்காது. காலிக் குடத்தைக் கழுவி வாசலில் வைப்பேன். எப்போது எடுத்துப் போகிறார்கள் என்று தெரியாது.

உண்மையைச் சொன்னவர் டீக்கடை பாய். அவர் கடை அளத்துக்கு வெளியே பள்ளிவாசல் போகும் பாதையில். என்னோடு முன்போலவே பேசிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான். ஐப்பசி பிறக்கப் போகிற சமயம். மேகம் கூடிக் கூடிக் கலைந்துகொண்டிருந்தது. குடிசைக்காரர்கள் மாரியம்மனுக்குப் பொங்கல் சாட்டி, நாள் குறித்திருந்தார்கள்.

கிளாஸை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார்: "நாளக்கி நீங்களும் தூக்குறீகதானே?"

"எத?"

"ஒங்க பாரிய."

"என்ன பாரி?"

பாய் என் தாடியைப் பார்த்தார். "என்னங்க இது. வீட்டுக்குள்ள நீங்க முளைப்பாரி போட்டிருக்கீகன்னு ஊரு முழுக்கத் தெரியுது. சம்சாரம் திரும்பி வரணும்னு நேர்ச்சை வச்சிருக்கீக, அதான் கவிச்சி தொடுறதில்ல, வாசல்ல செருப்பு ஏத்துறதில்ல, சவரம் பண்றதில்லன்னு எங்க வீட்டுப் பொம்பளைக வரைக்கும் பேசுறாக. நான்தான் ஒங்ககிட்டப் பேச்சுக் குடுக்குறேன்னு எனக்கு ஏச்சு."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. எங்கள் பக்கம் அம்மனுக்கு முளைப்பாரி எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியாதா? செவ்வாய்க்கிழமை பார்த்து, வண்டலும் சாணமும் போட்டு, உடைந்த பானை அடியில் பயறு விதைத்து, இருட்டறையில் மூடிவைத்து வளர்ப்பார்கள். விரதம் இருக்கிறவர் தவிர வேறு கண் அதில் படக் கூடாது. அந்த வீட்டுப் பக்கம் மீன் கவிச்சி போகக் கூடாது. வீண்பேச்சுப் பேசக் கூடாது. வளர்க்கிறவரிடம் அதைப் பற்றிக் கேட்கவும் கூடாது. பிறகு பொங்கல் அன்று ஊர்வலமாகக் கொண்டுபோய்த் தண்ணீரில் கரைப்பார்கள். நான் செய்தது ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது. ஆம்பிள்ளை வளர்ப்பது வழக்கமில்லை. ஆனால் அந்த வீட்டில் பொம்பிள்ளை இல்லை. அவளுக்காகத்தானே வளர்க்கிறான் என்று அவர்களே அதற்கும் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"பாய், அது கத்திரி நாத்து," என்றேன்.

பாய் கடை வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு, "அதப் போயி இப்பச் சொல்லாதீக," என்றார். "ஒரு மாசமா அந்தப் பொம்பளைக முறை வச்சு ஊத்துல தண்ணி மொண்டு ஒங்க வாசல்ல வச்சிருக்காக."

அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிட வேண்டும் என்று வீட்டுக்கு நடந்தேன். மறுநாள் தூக்கிக்கொண்டு போய்க் கரைத்துவிட்டால் என்னிடம் ஒரு நாற்றும் மிஞ்சாது. மறுபடி விதை போட்டு வளர்க்கக் காலம் இல்லை. அவள் கொடுத்த விதையும் தீர்ந்துவிட்டது.

வாசலில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். கங்காணியின் மனைவி முன்னால். பின்னால் குடிசைப் பெண்கள். எல்லோரும் குளித்து மஞ்சள் பூசியிருந்தார்கள். கங்காணி தள்ளி நின்றார்.

"அண்ணே," என்றாள் கங்காணியின் மனைவி. "நாளக்கி எத்தன சட்டி தூக்கணும்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தோம். தலைக்கு ஒண்ணு எடுத்துக்கிறோம். நீங்க முன்னால நடந்து வந்தாப் போதும்."

நான் உள்ளே போய் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தேன். வெளுத்து நீண்ட பயற்றம் முளை இருக்குமென்று எதிர்பார்த்தவர்கள், குட்டையாக, கரும்பச்சையாக, தண்டு ஊதா ஓடி நின்ற நாற்றுகளைப் பார்த்தார்கள்.

ஒருத்தி குனிந்து இலையைத் தொட்டாள். "யாத்தே, இது கத்திரில்ல," என்றாள்.

"கத்திரிதான்," என்றேன்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. அது பரவி எல்லோரும் சிரித்தார்கள். "கத்திரிக்காய்க்கா நாங்க விரதம் இருந்தோம்?" என்றாள் ஒருத்தி. "அடியே, நாளக்கி ஆத்தாளுக்குப் புளிக்குழம்பு வச்சுருவம்," என்றாள் இன்னொருத்தி. கங்காணி தூரத்திலிருந்து சொன்னார்: "கணக்கப்புள்ளே, ஒம்மால நான் ஒரு மாசமா எங்க வீட்ல கருவாட்டக் கண்ணால பாக்கல. தெரியுமா ஒமக்கு?"

அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "கத்திரி எதுக்கு வீட்டுக்குள்ள போட்டீக?" என்று கேட்டாள்.

சொல்லாமல் தப்பிக்க வழியில்லை. என் மனைவி புஞ்சையில் சொன்னதை, அவள் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். சொல்லி முடித்தபோது சிரிப்பு எங்கேயும் இல்லை. அவர்களில் பாதிப்பேர் அந்த இரண்டு முறையும் என் வீட்டுக்குள் வந்து அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவர்கள்.

கங்காணியின் மனைவி சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அவ பேரச் சொல்லி ஆத்தாகிட்ட நாங்க வேண்டியாச்சு," என்றாள். "சொன்னதக் குடுக்கணும். எல்லாம் வேணாம். ஒரு சட்டி குடுங்க. மிச்சத்த நீங்க நடுங்க."

"அப்ப அதையே கொண்டு போ," என்றேன்.

"இது நீங்க எடுத்தாந்தது. ஆத்தாளுக்குன்னா நல்லதத்தான் குடுக்கணும். இருக்குறதுல நல்லது எது?"

அவள் கேட்டது சரிதான். நான் கையில் எடுத்துவந்தது சுமாரான சட்டி. இருப்பதில் நல்லது ஜன்னலுக்குக் கீழே இருந்தது. அதில் ஒரு நாற்றுக்கூடப் பழுதில்லை. உள்ளே போய் அதை எடுத்து வந்து கொடுத்தேன்.

மறுநாள் பயற்றம் முளைகளுக்கு நடுவே என் கத்திரியும் ஒரு தலைமேல் போனது. நான் முன்னால் நடந்தேன். குலவை இட்டார்கள். ஊருணியில் கொஞ்சமாகத் தேங்கியிருந்த தண்ணீரில் எல்லாவற்றையும் கரைத்தார்கள். நாற்றுகள் வேரோடு மிதந்து, கரையோரம் ஒதுங்கின. எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தெரிந்தும் என் கண் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தது.

"ஆத்தா வாங்கிக்கிட்டா," என்றாள் கங்காணியின் மனைவி. "கார்த்திகைக்குள்ள வந்துருவா பாருங்க."

மழை அந்த வாரக் கடைசியில் வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து, அளத்துப் பாத்திகள் எல்லாம் ஒரே தண்ணீராகிவிட்டன. முற்றத்தில் நான் முன்பே கரைகள் கட்டி, வண்டல் கலந்து வைத்திருந்தேன். தண்ணீர் வற்றும்போது உப்பு எப்போதும் மேட்டு நுனிக்குத்தான் ஏறும். அளத்தில் இருக்கிறவனுக்கு அது தெரியும். ஆகவே கரையின் உச்சியில் நடாமல், சரிவின் பாதியில் நட்டேன். மழை ஓய்ந்த சாயங்காலமாகப் பார்த்து, சட்டி மண்ணோடு பெயர்த்து, குழியில் வைத்து, விரலால் அழுத்தினேன். நாலைந்து நாள் துவண்டு கிடந்தன. பிறகு ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. முக்கால்வாசி நின்றுவிட்டது.

கங்காணியின் கட்டில் திரும்ப என் வாசலுக்கு வந்தது. போகிறவர்கள் எல்லாம் தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். "பூ வச்சிருச்சு," என்று எனக்கு முன்னால் பார்த்துச் சொன்னவள் மீன்காரி.

கார்த்திகை முடியப் போகும்போது முதல் காய்களைப் பறித்துத் துண்டில் கட்டிக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன். முகம் மழித்துக்கொண்டேன். அவள் மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வரப்பில் உட்கார்ந்து துண்டை அவிழ்த்தேன்.

ஒரு காயை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "நான் குடுத்த வெதையா?"

"ஆமா."

"அங்கனயா காய்ச்சது?"

"பின் முத்தத்துல. நிக்குது. நல்லா நிக்குது."

எப்படி வளர்த்தேன் என்று கேட்டாள். ஒன்று விடாமல் சொன்னேன். முளைப்பாரி என்று எல்லோரும் நினைத்ததைச் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கங்காணியின் கருவாட்டைச் சொன்னபோது களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. நல்ல சட்டியைக் கேட்டு வாங்கிப் போனதைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது.

"எம் பேரச் சொல்லியா வேண்டுனாக?"

"ஆமா."

காயைத் திரும்பத் துண்டில் வைத்தாள். என் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தாள். நேரே செடிகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஏலாதுன்னு ஒங்க மொகத்தப் பாத்துச் சொல்ல முடியல. அதான் நடக்காத ஒண்ணச் சொல்லிவிட்டேன். நீங்க நடத்திட்டு வந்து உக்காந்திருக்கீக."

"வெதை குடுத்தியே."

"வெறுங்கையோட அனுப்ப மனசு வரல."

நான் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். புஞ்சை வேலை எனக்குத் தெரியாது. அவளுக்கும் அது தெரியும். ஒரு காக்கை வந்து துண்டின் ஓரத்தைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"அந்த வீட்டுக்குள்ள வந்தா அந்தக் காத்து கேக்கும்," என்றாள். "எனக்கு ரெண்டும் அந்தக் காத்துலதான் போச்சு. கத்திரி நின்னாலும் அது கேக்கும்."

எழுந்து களைக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "செடி நிக்குதுன்னு வீட்ல சொல்லாதீக," என்றாள். "அவுககிட்டயும் அதையேதான் சொல்லி வச்சிருக்கேன். அய்யா இன்னைக்கே வண்டியக் கட்டிருவாக."

நான் சொல்லவில்லை. காய்கள் கடையில் வாங்கியவை என்று அவள் வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். இரவு அதையே பொரித்துப் போட்டாள். காலையில் பஸ் ஏறினேன்.

வீட்டு வரிசைக்கு வந்தபோது கங்காணியின் மனைவி வாசலில் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பின்னால் பார்த்தாள்.

"தை பெறக்கட்டும்னு சொல்லிட்டா," என்றேன்.

"அதும் சரிதான். மார்கழில பெறப்புடக் கூடாதுல்ல," என்றாள்.

அன்று முதல் எனக்குப் பொய் சொல்வது ஒரு வேலையாயிற்று. அவள் வரமாட்டாள் என்று நான் சொல்லிவிட்டால், அது எனக்கும் அவளுக்கும் நடுவில் மட்டும் நிற்காது. ஒரு மாதம் ஊற்றில் உட்கார்ந்து தண்ணீர் மொண்டவர்கள், கவிச்சியை விட்டவர்கள், ஆத்தா வாங்கிக்கொண்டாள் என்று நம்பியவர்கள், அவர்களுக்கு என்ன பதில்? தையில், மிளகாய்ப் பழம் எடுக்கிற வேலை இருக்கிறது என்றேன். மாசியில், மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்றேன். ஒவ்வொரு முறையும் கங்காணியின் மனைவி காரணத்தை முழுதாகக் கேட்டு, நியாயம்தான் என்று தலையாட்டினாள். சாயங்காலம் கங்காணி வந்து பேசிக்கொண்டிருக்கும்போதும், எந்தப் பேச்சு எங்கே திரும்பிவிடுமோ என்று காத்துக்கொண்டே இருப்பேன். யாரும் பேசாதிருந்த மாதமே எனக்கு இதைவிடச் சுலபமாக இருந்தது.

கத்திரி மட்டும் நன்றாகக் காய்த்தது. தேவைக்கு மேல் காய்த்ததால், பறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். பங்குனியில் வெயில் ஏறியதும் கரைச் சரிவில் வெள்ளை தெரிய ஆரம்பித்தது. இலைகளின் ஓரம் கருகியது. பூ உதிர்ந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் கங்காணியின் மனைவி காய் பறிக்க வந்தாள். நான் ஓலைத் தட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். பங்குனி உத்திரம் கழிந்ததும் வருகிறாளாம் என்று, அவள் கேட்பதற்கு முன்பே சொன்னேன். அவள் செடி செடியாகக் குனிந்து, இருந்த சில காய்களைப் பறித்து முந்தானையில் போட்டுக்கொண்டாள். பிறகு முதுகை நிமிர்த்தினாள்.

"அண்ணே, இனிமே நான் கேக்கமாட்டேன்," என்றாள்.

"சரி ஆத்தா," என்றேன்.

முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தவள், தட்டியோரம் நின்றாள். "கடைசிக் கரையில ரெண்டு பிஞ்சு கெடக்கு. அத விட்டிருக்கேன். பெருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தட்டியைக் கட்டி முடித்தேன். வெயில் தாழ்ந்ததும் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், கடைசிக் கரையில் அந்தப் பிஞ்சுகள் இருந்த செடிகளுக்கு மட்டும் ஊற்றினேன்.